மார்பகப் புற்றுநோய்: நிறம் பார்க்கும் மரணம்

அமெரிக்காவில் 1980ஐ ஒட்டிய ஆண்டுகள் வரை கறுப்பினப் பெண்களும் வெள்ளையினப் பெண்களும் இந்த நோய்க்கு ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் பலியானார்கள். நல்ல சிகிச்சை வந்த பிறகுதான் இடைவெளி விழுந்தது. அதை மூட முடியும் என்பதற்கான சான்றும் அங்கேயே இருக்கிறது.

அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோயால் இறந்த பெண்களின் விகிதத்தை 1970களிலிருந்து ஆண்டுவாரியாக வரைபடமாகப் போட்டுப் பார்த்தால் ஒரு விஷயம் உடனே கண்ணில் படும். வெள்ளையினப் பெண்களுக்கு ஒரு கோடு, கறுப்பினப் பெண்களுக்கு ஒரு கோடு. 1980ஐ ஒட்டிய ஆண்டுகள் வரை இரண்டும் ஏறக்குறைய ஒன்றன் மீது ஒன்றாகவே போகின்றன. பிறகு பிரிகின்றன. 1990லிருந்து வெள்ளையர்களின் கோடு வேகமாக இறங்குகிறது. கறுப்பினத்தவரின் கோடு மேலும் சில ஆண்டுகள் ஏறி, அதற்குப் பிறகே மெதுவாக இறங்கத் தொடங்குகிறது.

இன்றைய நிலவரம் இன்னும் விசித்திரமானது. கறுப்பினப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வருவது வெள்ளையினப் பெண்களைவிட 5 சதவீத அளவுக்குக் குறைவு. ஆனால் அந்த நோயால் அவர்கள் இறப்பது ஏறத்தாழ 40 சதவீதம் அதிகம். 50 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் இறப்பு விகிதம் கிட்டத்தட்ட இரு மடங்கு. நோய் குறைவாக வருகிறவர்கள் அதிகமாக இறக்கிறார்கள்.

ஏன் என்று கேட்டால் பலரும் சட்டென்று சொல்லும் பதில், மரபணு. கறுப்பினப் பெண்களுக்கு வருவது மோசமான ரகக் கட்டி; இயற்கையே செய்த ஓரவஞ்சனை; இதில் யார் என்ன செய்ய முடியும்? இந்தப் பதிலில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் ஒரு பெரிய ஓட்டையும் உண்டு. ஓர் இனத்தின் மரபணு பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மாறிவிடாது. 1980ல் இல்லாத இடைவெளி 1995ல் எங்கிருந்து வந்தது?

அந்தக் காலகட்டத்தில் மாறியது சிகிச்சை. அதற்கு முன்பு பணக்காரப் பெண்ணுக்கும் ஏழைப் பெண்ணுக்கும் டாக்டர்கள் செய்யக்கூடியது ஏறக்குறைய ஒன்றுதான்: மார்பகத்தை வெட்டி எடுப்பது. கட்டி கைக்குத் தட்டுப்படும் அளவு வளர்ந்த பிறகே பெரும்பாலும் கண்டுபிடிக்கப்பட்டது. கைக்குத் தட்டுப்படாத கட்டியையும் காட்டிக்கொடுக்கும் மேமோகிராம் 1980களில் பரவலாயிற்று. ஈஸ்ட்ரோஜனால் வளரும் கட்டிகளை அடக்கும் டமாக்ஸிஃபென் மாத்திரைக்கு 1977ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முதலில் முற்றிய நோய்க்கும், பிறகு அறுவை சிகிச்சைக்குப் பின் நோய் திரும்பாமல் தடுப்பதற்கும் அது பயன்பட்டது. கீமோதெரபி மேம்பட்டது. கொடுப்பதற்கு எதுவும் இல்லாதவரை எல்லோரும் சமம். கொடுப்பதற்கு ஏதோ ஒன்று வந்தவுடன், அது யார் கைக்குப் போய்ச் சேருகிறது என்பது உயிர்ப் பிரச்சினையாயிற்று.

அமெரிக்காவில் அதை நிர்ணயிப்பது பெருமளவு இன்ஷூரன்ஸ். வேலை தருபவர் மூலம் இன்ஷூரன்ஸ் கிடைக்காதவர்கள், மேமோகிராமுக்காக அரை நாள் சம்பளத்தை இழக்க முடியாதவர்கள், கார் இல்லாதவர்கள் ஆகியோரில் கறுப்பினப் பெண்களின் பங்கு அதிகம். 65 வயதுக்குட்பட்ட நோயாளிகளிடையே கறுப்பினத்தவருக்கு உள்ள கூடுதல் மரண அபாயத்துக்கு என்ன காரணம் என்று அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் ஆய்வாளர்கள் 2018ல் கணக்கிட்டார்கள். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இன்ஷூரன்ஸ் வித்தியாசத்தால் வந்தது என்று தெரிந்தது. கட்டியின் தன்மைகள் காரணமானது கால் பங்குக்கும் சற்றுக் குறைவாக.

எளிதான எதிரியிடமே பெரிய தோல்வி

கட்டியின் தன்மை என்ற வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. மார்பகப் புற்றுநோய் ஒரே நோயல்ல. ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்ட்ரோன், ஹெர்2 ஆகிய மூன்று வாங்கிகளில் எது கட்டியின் செல்களில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் ரகமும் சிகிச்சையும் மாறும். வாங்கி என்பது பூட்டு மாதிரி. அதற்குப் பொருந்துகிற சாவியாக ஒரு மருந்து இருக்கும். மூன்றுமே இல்லாத ரகத்துக்கு டிரிபிள் நெகட்டிவ் என்று பெயர். பூட்டே இல்லாததால் டமாக்ஸிஃபெனும் ஹெர்செப்டினும் அதனிடம் பலிக்காது. வேகமாகப் பரவும், இளம் வயதில் அதிகம் தாக்கும். நோய் கண்ட வெள்ளையினப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு இந்த ரகம் என்றால், கறுப்பினப் பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு.

அறுவை சிகிச்சை நிபுணர் லிசா நியூமன் இதன் வேரைத் தேடி ஆப்பிரிக்காவுக்குப் போனார். கானாவில் உள்ள குமாசி நகர மருத்துவமனையுடனும், பிறகு எத்தியோப்பிய மருத்துவர்களுடனும் சேர்ந்து கட்டிகளைப் பரிசோதித்தார். மேற்கு ஆப்பிரிக்காவின் கானாவில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு டிரிபிள் நெகட்டிவ். கிழக்கே எத்தியோப்பியாவில் 15 சதவீதம் மட்டுமே. அதாவது அமெரிக்க வெள்ளையர்களின் அளவுதான். அமெரிக்கக் கறுப்பினத்தவரில் பெரும்பாலோரின் மூதாதையர் அடிமைக் கப்பல்களில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். ஆகவே பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஆனால் 'கறுப்பு' என்ற ஒற்றைச் சொல் அந்தப் பரம்பரையைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. கானாக்காரரும் எத்தியோப்பியரும் அமெரிக்க விண்ணப்பப் படிவத்தில் ஒரே கட்டத்தில்தான் டிக் அடிப்பார்கள்.

இடைவெளிக்கு டிரிபிள் நெகட்டிவ்தான் முழுக் காரணம் என்றால், மற்ற ரகங்களில் இரு இனத்தவரும் சமமாகப் பிழைக்க வேண்டும். 2024ல் 18 ஆய்வுகளைத் தொகுத்து, இரண்டேகால் லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை ரகவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். எல்லா ரகங்களிலும் கறுப்பினப் பெண்களே அதிகம் இறந்திருந்தார்கள். அதிலும் கவனிக்க வேண்டியது அளவு. டிரிபிள் நெகட்டிவ் ரகத்தில் கூடுதல் அபாயம் 17 சதவீதம். மாத்திரைக்கு நன்றாகக் கட்டுப்படக்கூடிய, ஈஸ்ட்ரோஜனால் வளரும் ரகத்தில் 50 சதவீதம். மருந்து நன்றாக வேலை செய்யும் இடத்தில்தான் இடைவெளி அதிகம். அந்த மாத்திரையை 5 முதல் 10 ஆண்டுகள் நாள்தோறும் சாப்பிட வேண்டும். மூட்டு வலி போன்ற பக்க விளைவுகளுக்கு டாக்டர் காது கொடுக்க வேண்டும். மருந்துக் கடை பில்லைக் கட்ட வேண்டும். கட்டியின் குணத்துக்கு வெளியே நடக்கும் காரியங்கள் இவை.

எல்லாவற்றையும் வசதிக் குறைவின் தலையில் போடவும் முடியாது. 2009ல் டாக்டர் கேத்தி ஆல்பெயினும் சகாக்களும், பெரிய மருந்துச் சோதனைகளில் பங்கேற்ற சுமார் 20,000 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்தார்கள். சோதனையில் இருப்பவர்களுக்கு ஒரே மருந்து, ஒரே கவனிப்பு. நுரையீரல், குடல், ரத்தப் புற்றுநோய்களில் இன வேறுபாடு மறைந்துவிட்டது. மார்பகம், சினைப்பை, புராஸ்டேட் ஆகிய மூன்றில் மட்டும் ஓரளவு நீடித்தது. மூன்றும் ஹார்மோனுடன் தொடர்புடையவை. ஆக, உயிரியல் கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. அதற்கு விடை தேட வேண்டிய ஆராய்ச்சி யாரை வைத்து நடந்தது என்பது இந்தக் கதையின் அடுத்த பாதி.

யாரைச் சோதித்தார்கள்?

ஒரு பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு எவ்வளவு என்று கணிக்க உலகெங்கும் பயன்பட்ட சூத்திரம் 1989ல் வெளியான கெய்ல் மாடல். வயது, முதல் பிரசவ வயது, குடும்பத்தில் யாருக்கேனும் நோய் உண்டா என்ற விவரங்களைக் கொடுத்தால் அபாய விகிதத்தைச் சொல்லும். அது உருவாக்கப்பட்டது வெள்ளையினப் பெண்களின் விவரங்களைக் கொண்டு. கறுப்பினப் பெண்களுக்குப் போட்டால் அபாயத்தைக் குறைத்துக் காட்டியது. தடுப்பு மருந்துச் சோதனையில் சேர இத்தனை மதிப்பெண் வேண்டும் என்று இந்தச் சூத்திரத்தை வைத்தே வாசலில் நிறுத்தியதால், தகுதியுள்ள கறுப்பினப் பெண்கள் பலர் உள்ளே வரவில்லை. அவர்களுக்கான தனிச் சூத்திரம் 2007ல்தான் வந்தது.

மரபணுப் பரிசோதனையிலும் இதே கதைதான். பரம்பரையாக வரும் மார்பகப் புற்றுநோய்க்குக் காரணமான பி.ஆர்.சி.ஏ.1 மரபணு 17ஆம் குரோமோசோமில் இருப்பதாக 1990ல் மேரி-கிளேர் கிங் காட்டினார். 1994ல் அந்த மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. ஆய்வுக்குள்ளான குடும்பங்களில் பெரும்பாலானவை ஐரோப்பிய வம்சாவளி. ஒரு மரபணுவில் எழுத்துப் பிழை இருந்தால் அது ஆபத்தானதா, வெறும் வேறுபாடா என்று முடிவு செய்ய, அதே பிழை உள்ள ஏராளமானவர்களின் விவரம் வேண்டும். ஆப்பிரிக்க, ஆசிய வம்சாவளியினரின் விவரம் போதாத காரணத்தால், அவர்களில் அதிகம் பேருக்கு 'இதன் பொருள் தெளிவாகவில்லை' என்றே ரிப்போர்ட் வருகிறது. பரிசோதனையை ஒரே கம்பெனி காப்புரிமை வைத்துக்கொண்டு 3,000 டாலருக்கு மேல் வசூலித்தது இன்னொரு தடை. 2013 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இயற்கையான மரபணுவுக்குக் காப்புரிமை கிடையாது என்று தீர்ப்பளித்த பிறகு விலை சரிந்தது.

மருந்துச் சோதனைகளில் கண்ணுக்குத் தெரியாத வேறொரு வேலி இருந்தது. கீமோதெரபி வெள்ளையணுக்களைக் குறைக்கும் என்பதால், நியூட்ரோபில் என்ற வெள்ளையணு இத்தனைக்கு மேல் இருந்தால்தான் சேர்ப்போம் என்பது வழக்கமான விதி. ஆனால் ஆப்பிரிக்க வம்சாவளியினர் பலருக்கு டஃபி என்ற ரத்தவகை வேறுபாட்டின் காரணமாக இந்த எண்ணிக்கை இயல்பாகவே குறைவு. அவர்கள் நோயாளிகள் அல்ல. தொற்று எதிர்ப்பில் குறையும் இல்லை. 'இயல்பு' என்று புத்தகத்தில் அச்சிட்ட எண் ஐரோப்பியர்களை வைத்து எடுத்தது, அவ்வளவுதான். அந்த எண்ணைக் காட்டி அவர்களைச் சோதனைகளுக்கு வெளியே நிறுத்தினார்கள். சிகிச்சையில் இருந்தவர்களுக்கு மருந்தின் அளவைக் குறைத்தார்கள் அல்லது தள்ளிப்போட்டார்கள்.

சேர்த்துக்கொண்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள். வட கரோலினா மாநிலத்தில் 1993ல் தொடங்கிய ஓர் ஆய்வு, கறுப்பினப் பெண்களையும் இளம் வயதினரையும் திட்டமிட்டே அதிக எண்ணிக்கையில் சேர்த்தது. மாதவிடாய் நிற்காத கறுப்பினப் பெண்களுக்கு வந்த கட்டிகளில் 39 சதவீதம், டிரிபிள் நெகட்டிவுக்கு நெருங்கிய உறவான கொடிய ரகம் என்று 2006ல் அந்த ஆய்வுதான் சொன்னது. மாதவிடாய் நின்ற கறுப்பினப் பெண்களிடம் அது 14 சதவீதமே. வயதும் வம்சாவளியும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது.

இரண்டாவது உதாரணம் புதியது. பாக்லிடாக்ஸெல் என்ற கீமோ மருந்துக்கு மார்பகப் புற்றுநோய்க்காக 1994ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கை கால் மரத்துப்போவது அதன் பக்க விளைவு. கறுப்பினப் பெண்களை அது அதிகம் பாதிப்பதை டாக்டர்கள் கவனித்திருந்தார்கள். மரத்துப்போனால் மருந்தைக் குறைப்பார்கள்; குறைத்தால் குணம் குறையும். கறுப்பினப் பெண்களை மட்டுமே சேர்த்து நடத்திய ஒரு சோதனையின் முடிவு 2024ல் வெளியாயிற்று. வாரந்தோறும் பாக்லிடாக்ஸெல் பெற்றவர்களில் 45 சதவீதம் பேருக்குக் கணிசமாக மரத்துப்போயிற்று. அதற்குச் சமமான, முன்பே கடையில் உள்ள டோசிடாக்ஸெல் பெற்றவர்களில் 29 சதவீதம் பேருக்கு. மருந்தைக் குறைக்க நேர்ந்தது முதல் குழுவில் 28 சதவீதம், இரண்டாவதில் 9. புது மருந்து கண்டுபிடிக்கத் தேவையிருக்கவில்லை. கேள்வியைக் கேட்க 30 ஆண்டு ஆயிற்று.

கறுப்பினத்தவர் ஆராய்ச்சி என்றாலே ஒதுங்கிப்போகிறார்கள், அதனால்தான் சோதனைகளில் அவர்கள் இல்லை என்பது வழக்கமான சமாதானம். அவர்கள் அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது. அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீயில் 1932லிருந்து 1972 வரை, சிஃபிலிஸ் நோயுள்ள கறுப்பின ஆண்களை அரசு மருத்துவத் துறையே சிகிச்சை தராமல் வேடிக்கை பார்த்தது. 1997ல் அதிபர் கிளிண்டன் மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் அந்தச் சமாதானம் பொய் என்று 2021ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு காட்டியது. சோதனையில் சேருகிறீர்களா என்று கேட்கப்பட்ட வெள்ளையின நோயாளிகளில் 55 சதவீதம் பேர் சேர்ந்தார்கள். கறுப்பின நோயாளிகளில் 58 சதவீதம் பேர். பெரும்பாலும் அவர்களை யாரும் கேட்கவில்லை.

ஹார்லெமில் ஒரு வழிகாட்டி

இடைவெளியை மூட முடியுமா என்ற கேள்விக்கு முதல் பதில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலிருந்து வந்தது. அங்குள்ள பொது மருத்துவமனையில் 1967ல் வேலைக்குச் சேர்ந்த கறுப்பின அறுவை சிகிச்சை நிபுணர் ஹெரால்ட் ஃப்ரீமன், முற்றிப்போன, புண்ணாகிச் சீழ் பிடித்த கட்டிகளோடு பெண்கள் வருவதைப் பார்த்தார். 1964 முதல் 1986 வரை அந்த மருத்துவமனைக்கு வந்த 606 மார்பகப் புற்றுநோயாளிகளில் முதல் கட்டத்தில் வந்தவர்கள் 6 சதவீதமே. பாதிப் பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில் வந்தார்கள். ஐந்து ஆண்டு உயிரோடு இருந்தவர்கள் 39 சதவீதம். ஹார்லெமில் பிறந்த ஆண், 65 வயதை எட்டும் வாய்ப்பு வங்கதேசத்து ஆணைவிடக் குறைவு என்று ஃப்ரீமனும் காலின் மெக்கார்டும் 1990ல் எழுதியது அமெரிக்காவை அதிரவைத்தது.

ஃப்ரீமன் கண்ட பிரச்சினை எளிமையானது. மேமோகிராமில் சந்தேகம் என்று வருகிறது. அதற்கும் பயாப்சிக்கும் இடையில், பயாப்சிக்கும் ஆபரேஷனுக்கும் இடையில் பெண்கள் காணாமல்போகிறார்கள். ஒரு படிவம் நிரப்பத் தெரியவில்லை, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, டாக்டர் சொன்னது புரியவில்லை, பயம். 1990ல் அவர் இதற்கென்றே ஆட்களை நியமித்தார். பெயர், நோயாளி வழிகாட்டி. டாக்டர் பட்டமெல்லாம் வேண்டாம்; அந்தப் பேட்டையின் மொழியும் ஆஸ்பத்திரியின் சந்து பொந்தும் தெரிந்திருந்தால் போதும். சந்தேக ரிப்போர்ட் வந்த பெண்ணைத் தேடிப் பிடிப்பது, தேதி வாங்கித் தருவது, இன்ஷூரன்ஸ் காகிதங்களைச் சரிக்கட்டுவது, கூடவே போவது ஆகியவை அவர்கள் வேலை.

இலவசப் பரிசோதனையும் வழிகாட்டிகளும் சேர்ந்த பிறகு, 1995 முதல் 2000 வரை அதே மருத்துவமனைக்கு வந்த 325 பெண்களில் 41 சதவீதம் பேர் ஆரம்ப நிலையிலேயே வந்தார்கள். முற்றிய நிலை 21 சதவீதமாகக் குறைந்தது. ஐந்தாண்டு பிழைத்தவர்கள் 70 சதவீதம். அதே பேட்டை, அதே இனம். இந்த முறைக்கு நிதி தரும் சட்டத்தில் 2005ல் அதிபர் புஷ் கையெழுத்திட்டார். முதியோருக்கான அரசு இன்ஷூரன்ஸான மெடிகேர், வழிகாட்டியின் கூலியைத் தனி இனமாகக் கொடுக்கத் தொடங்கியது 2024 ஜனவரியில்.

சிகாகோவில் அலசல் வேறு விதமாக நடந்தது. 1980ல் அந்த நகரத்தில் இரு இனப் பெண்களும் ஒரே விகிதத்தில் இறந்தார்கள். 2003ல் கறுப்பினப் பெண்களின் மரண விகிதம் 68 சதவீதம் அதிகம். ஸ்டீவ் விட்மனின் சைனாய் ஆய்வுக் குழு வெளியிட்ட இந்தக் கணக்கைக் கண்டு ஆஸ்பத்திரிகளும் சமூக அமைப்புகளும் சேர்ந்து ஒரு செயற்குழு அமைத்தன. மேமோகிராம் எடுப்பதில் இரு இனத்தவருக்கும் பெரிய வித்தியாசமில்லை என்று தோன்றியது. ஆனால் கறுப்பினப் பெண்கள் போகும் இடங்களில் படத்தைப் படிப்பவர் மார்பக நிபுணராக இருப்பது அபூர்வம். கருவிகளும் பழையவை. கட்டி படத்தில் இருந்தும் கண்ணில் படாமல் போயிற்று. அந்தக் குழு ஆஸ்பத்திரிகளிடம் தரக் கணக்கை வாங்கிப் பார்க்கத் தொடங்கியது, டெக்னீஷியன்களுக்குப் பயிற்சி அளித்தது, வழிகாட்டிகளை நியமித்தது. 1999-2005 காலத்தோடு ஒப்பிட்டால் 2006-2013ல் சிகாகோவின் கறுப்பினப் பெண்களின் மரண விகிதம் ஏறக்குறைய 14 சதவீதம் குறைந்தது. கறுப்பின மக்கள் அதிகமுள்ள பத்துப் பெரிய நகரங்களில் குறிப்பிடத்தக்க இறக்கம் கண்டது சிகாகோ மட்டுமே.

மூன்றாவது சான்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவிலும் பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்கிலும் நடந்த சோதனை. ஆரம்ப நிலை மார்பக, நுரையீரல் புற்றுநோயாளிகள் அப்பாயின்ட்மென்டைத் தவறவிட்டால் கம்ப்யூட்டர் உடனே எச்சரிக்கும். வழிகாட்டி தொடர்புகொள்வார். எந்த இன நோயாளிகள் எவ்வளவு பேர் சிகிச்சையை முடித்தார்கள் என்ற கணக்கு அந்தந்த மருத்துவக் குழுவின் மேஜைக்குப் போகும். முன்பு சிகிச்சையை முடித்தவர்கள் வெள்ளையரில் 87 சதவீதம், கறுப்பினத்தவரில் 80. சோதனைக் காலத்தில் 89.5, 88.4. வெள்ளையினத்தவரும் லாபமடைந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். யாருடைய சிகிச்சையையும் பிடுங்கி யாருக்கும் கொடுக்கவில்லை.

பரிசோதனை வயதும் திருத்தப்பட்டது. மேமோகிராமை 50 வயதில் தொடங்கினால் போதும் என்று 2009லிருந்து சொல்லிவந்த அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு, 2024 ஏப்ரலில் அதை 40 ஆக்கியது. கறுப்பினப் பெண்களுக்கு நோய் சில ஆண்டுகள் முன்னதாகவே வருவதும், அவர்களின் கூடுதல் மரண விகிதமும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் முக்கியமானவை.

பாசிகாட்டும் மிசோரமும்

இந்த அமெரிக்கக் கதையில் நமக்கு என்ன இருக்கிறது? முதலில் இரண்டு எண்கள். அமெரிக்காவில் 2024ல் சுமார் 3.1 லட்சம் பெண்களுக்கு நோய் வரும், 42,000 பேர் இறப்பார்கள் என்று மதிப்பிடப்பட்டது. இந்தியாவில் 2022ல் 1.92 லட்சம் பேருக்கு நோய் வந்தது. 98,000 பேர் இறந்தார்கள் என்பது சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீடு. ஹார்லெம் மருத்துவமனையில் 1970களில் ஃப்ரீமன் பார்த்ததை நம் அரசு மருத்துவமனைகளில் இன்றும் பார்க்கலாம். 30 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில், ஒரு முறையேனும் மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு. முன்னணியில் உள்ள தமிழ்நாட்டிலேயே 5.6 சதவீதம்தான்.

இந்தியாவுக்குள்ளேயும் இனமும் இடமும் உண்டு. 2012 முதல் 2015 வரை நோய் கண்டறியப்பட்ட பெண்களை 11 புற்றுநோய்ப் பதிவேடுகள் மூலம் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2024ல் வெளியானது. ஐந்தாண்டு பிழைத்தவர்கள் மொத்தத்தில் 66 சதவீதம். கடைசி இடம் அருணாசலப் பிரதேசத்தின் பாசிகாட்டுக்கு: 42 சதவீதம். 'ஆதி' என்ற பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் பகுதி அது. பழங்குடியினர் என்பதால்தான் இப்படி என்று யாரேனும் சொல்வதற்குள் முதல் இடத்தைப் பார்த்துவிட வேண்டும். முதல் இடம், ஏறக்குறைய 75 சதவீதத்துடன், பழங்குடியினரே பெரும்பான்மையாக உள்ள மிசோரமுக்கு. அகமதாபாத்தும் கொல்லமும் திருவனந்தபுரமும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. மிசோரமில் ஐஸ்வாலிலேயே மாநிலப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அந்த ஆண்டுகளில் பாசிகாட் பெண்ணுக்குப் பெரிய புற்றுநோய் மருத்துவமனை என்றால் கௌஹாத்திதான். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம்.

நம் பிரச்சினைகளை நாமே ஆராய்ந்தால் விடை மலிவாகவும் இருக்கலாம் என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனை காட்டியிருக்கிறது. மேமோகிராம் கருவியை ஊர் ஊராக வாங்கி வைக்க முடியாத நாட்டில், பயிற்சி பெற்ற பெண் ஊழியர் கையால் தொட்டுப் பரிசோதித்தால் போதுமா? 1998ல் மும்பைக் குடிசைப் பகுதிகளில் ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து இந்திரநீல் மித்ராவின் குழு தொடங்கிய சோதனை 20 ஆண்டுகளுக்கு மேல் நடந்து 2021ல் முடிவை வெளியிட்டது. முற்றிய நிலையில் நோய் கண்டறியப்படுவது குறைந்தது; 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடையே மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. இளம் வயதினரிடம் பலன் தென்படவில்லை. அதே மருத்துவமனையின் ராஜேந்திர பட்வேயின் குழு 11 மையங்களில் 1,600 பெண்களிடம் செய்த இன்னொரு சோதனையில், ஆபரேஷனுக்குச் சில நிமிடம் முன்பு கட்டியைச் சுற்றி லிடோகெய்ன் என்ற சாதாரண மரப்பு மருந்தை ஊசியாகப் போட்டார்கள். ஐந்தாண்டு பிழைத்தவர்கள் 86 சதவீதத்திலிருந்து 90 சதவீதமாக உயர்ந்ததாக 2023ல் அறிவித்தார்கள். காப்புரிமை காலாவதியான, சில ரூபாய் மருந்து என்பதால் எந்தக் கம்பெனிக்கும் இதில் லாபமில்லை. கேட்டிருக்காவிட்டால் தெரிந்திருக்காது.

மரபணு விவரத்திலும் ஒரு தொடக்கம் நடந்திருக்கிறது. எண்பதுக்கும் மேற்பட்ட சமூகக் குழுக்களைச் சேர்ந்த 10,000 இந்தியர்களின் மரபணு விவரம் 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நூற்றாண்டுக் கணக்கில் தங்களுக்குள்ளேயே மணம் செய்துகொண்ட சமூகங்கள் நிறைந்த நாட்டில் இதன் முக்கியத்துவம் அதிகம். மும்பையின் பார்சி பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் மற்றவர்களைவிட அதிகம் என்பது பல காலமாகத் தெரிந்த விஷயம். 'பொருள் தெளிவாகவில்லை' என்று வரும் ரிப்போர்ட்டுகளின் எண்ணிக்கையைக் குறைக்க இப்படிப்பட்ட விவரம்தான் உதவும்.

கணக்கை நிறுத்தினால்

அமெரிக்காவில் இப்போது காற்று திசை மாறி வீசுகிறது. சோதனைகளில் பெண்களையும் சிறுபான்மை இனத்தவரையும் சேர்த்தே ஆக வேண்டும் என்று 1993ல் சட்டம் போட்ட நாடு அது. 2025ல் ட்ரம்ப் அரசு, இன ஏற்றத்தாழ்வு பற்றிய பல மருத்துவ ஆராய்ச்சிகளுக்கான நிதியை நிறுத்தியது. சிலர் நீதிமன்றம் போய்ச் சில நிதிகளை மீட்டார்கள். ஏழைகளுக்கான அரசு இன்ஷூரன்ஸான மெடிகெயிடைச் சுருக்கும் சட்டம் அதே ஆண்டு ஜூலையில் நிறைவேறியது. அந்தத் திட்டத்தை விரிவுபடுத்த மறுத்துவந்த பத்து மாநிலங்களில் மிசிசிப்பி, அலபாமா, ஜார்ஜியா போன்ற, கறுப்பினத்தவர் அதிகமுள்ள தென்மாநிலங்கள் பல.

மறுபக்கம், கறுப்பினப் பெண்களே விவரம் திரட்ட முன்வருகிறார்கள். பாஸ்டன் பல்கலைக்கழகம் 1995ல் தொடங்கிய ஆய்வில் 59,000 பேர் சேர்ந்தார்கள். 2024ல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் தொடங்கிய புதிய ஆய்வின் இலக்கு ஒரு லட்சம் கறுப்பினப் பெண்கள். அவர்களைக் குறைந்தது 30 ஆண்டுகள் பின்தொடர்வது திட்டம்.

ஹார்லெமிலும் சிகாகோவிலும் கிரீன்ஸ்பரோவிலும் முதலில் நடந்தது ஒன்றே: யார் பிழைக்கிறார்கள், யார் இறக்கிறார்கள் என்று பிரித்துக் கணக்கெடுத்தார்கள். அந்தக் கணக்கு இல்லாவிட்டால் சராசரி மட்டுமே மிஞ்சும். 66 சதவீதம் என்ற இந்தியச் சராசரியைப் பார்த்தால் பாசிகாட்டின் 42 தெரியாது. நம் நாட்டில் நோயாளிகளின் சாதி, பழங்குடி, வருமானம், பயணத் தூரம் ஆகியவற்றோடு பிழைப்பு விகிதத்தைச் சேர்த்துப் பதிவு செய்யும் பழக்கம் இன்னும் பரவலாகவில்லை. வழிகாட்டி ஒருவரின் சம்பளம், ஒரு சுற்றுக் கீமோ மருந்தின் விலையோடு ஒப்பிட்டால் பெரிய தொகையல்ல. ஆஷா பணியாளர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். சந்தேக ரிப்போர்ட்டோடு வீட்டுக்குத் திரும்பிய பெண்ணைத் தேடிப் போகும் வேலையை அவர்களில் யாருக்குக் கொடுப்பது, அதற்குத் தனிக் கூலி என்ன என்பதை மாநில அரசுகள் முடிவு செய்ய வேண்டியதுதான் பாக்கி.